நூறு மில்லியில் ஐந்து கிராம்

2016 ஜனவரி முதல் வாரத்தில் இங்கிலாந்து அரசு தன் நாட்டுப் பெற்றோர்களிடம் ஒரு கணக்கைச் சொன்னது. 4 முதல் 10 வயது வரையுள்ள குழந்தை ஆண்டுக்குச் சராசரியாக 22 கிலோ சர்க்கரை சாப்பிடுகிறது. தேநீரில் போடும் சர்க்கரைக் கட்டிகளாக எண்ணினால் சுமார் 5,500. ஐந்து வயதுக் குழந்தையின் சராசரி எடையையே மிஞ்சுகிற சர்க்கரை அது.

கணக்கோடு கைபேசிக்கு ஒரு செயலியும் வந்தது. 'சுகர் ஸ்மார்ட்' என்று பெயர். பிஸ்கட் பாக்கெட்டையோ குளிர்பான பாட்டிலையோ எடுத்து அதன் பார்கோடை கேமராவில் காட்டினால், உள்ளே எத்தனை கட்டி இருக்கிறது என்று திரையில் வந்துவிடும். எவ்வளவு சாப்பிடலாம் என்பதும் கட்டியிலேயே சொல்லப்பட்டது. 4-6 வயதுக்கு ஒரு நாளைக்கு 5 கட்டி, 7-10 வயதுக்கு 6, அதற்கு மேல் 7. ஒரு கட்டி 4 கிராம். 330 மில்லி கோலா கேன் ஒன்றில் 35 கிராம், அதாவது ஏறக்குறைய 9 கட்டி. ஐந்து வயதுப் பிள்ளை பாதி கேனைக் குடித்தாலே அன்றைய பங்கு ஏறக்குறைய தீர்ந்துபோகும். 5,500 கட்டியை 365ஆல் வகுத்துப் பாருங்கள்: நாளொன்றுக்கு 15.

இந்தக் கட்டிக் கணக்கை யோசித்தவரை மெச்சத்தான் வேண்டும். "100 மில்லிக்கு 10.6 கிராம்" என்று பொடி எழுத்தில் இருப்பதைப் படித்து, பாட்டிலின் அளவால் பெருக்கி, பிள்ளையின் வயதோடு ஒப்பிட்டு முடிவெடுக்க எந்தத் தாய்க்கு நேரமிருக்கிறது? கடையில் பிள்ளை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்போது அதெல்லாம் நடக்காது. கட்டி என்றால் கண்ணுக்குத் தெரியும், எண்ணிவிடலாம். இந்த முயற்சி 'சேஞ்ச்4லைஃப்' என்ற பெரிய பிரச்சாரத்தின் ஒரு பகுதியாக வந்தது. 2009இல் தொடங்கிய அந்தப் பிரச்சாரத்தின் வண்ண வண்ணக் களிமண் பொம்மைகளை உருவாக்கியது, வாலஸ்-குரோமிட் படங்களை எடுத்த ஆர்ட்மேன் நிறுவனம். பணத்துக்கும் கற்பனைக்கும் அதில் குறைவே இல்லை.

எந்தச் சர்க்கரையை எண்ணுவது என்பதில் நம்மிடமும் குழப்பம் உண்டு. உலக சுகாதார நிறுவனம் கணக்கில் எடுப்பது தனிச் சர்க்கரையை: சமைப்பவரோ தயாரிப்பாளரோ உணவில் சேர்க்கிற எல்லாச் சர்க்கரையும், அதோடு தேன், பாகு, பழச்சாறு ஆகியவற்றில் உள்ளதும். முழுப் பழத்தில் இருப்பதும் பாலில் இருக்கும் லாக்டோசும் இதில் சேராது. ஆரஞ்சுப் பழத்தைச் சுளையாகத் தின்றால் கணக்கில் வராத சர்க்கரை, பிழிந்து வடிகட்டிக் குடித்தால் வந்துவிடுகிறது. பழத்தின் செல்களுக்குள் அடைபட்டிருந்தது வெளியே கொட்டப்பட்டுவிட்டதுதான் காரணம். வெல்லம், நாட்டுச்சர்க்கரை, பனங்கற்கண்டு எல்லாம் இந்தக் கணக்கில் வெள்ளைச் சர்க்கரைக்கு உறவுதான். "வெள்ளைச் சர்க்கரையை விட்டுவிட்டோம்" என்று சொல்லிக்கொண்டு காபிக்கு இரண்டு கரண்டி நாட்டுச்சர்க்கரை போடுவோர் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு நாளில் நமக்குக் கிடைக்கும் மொத்தச் சக்தியில் 10 சதவீதத்துக்கு மேல் தனிச் சர்க்கரையிலிருந்து வரக்கூடாது, 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது என்று 2015இல் அந்நிறுவனம் சொன்னது. அதே ஆண்டு பிரிட்டனின் ஊட்டச்சத்து நிபுணர் குழு நேரடியாக 5 சதவீதத்தையே வரம்பாக வைத்தது. மேலே சொன்ன 5, 6, 7 கட்டிகள் அதிலிருந்து வந்தவை.

சரி, இப்படிச் சொல்வதால் வீடுகள் மாறுகின்றனவா?

சேஞ்ச்4லைஃபின் தொடக்க காலப் பிரச்சாரத்தை லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் முறையாகச் சோதித்தார்கள். பள்ளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவின் குடும்பங்களுக்கு மட்டும் பிரச்சாரக் கேள்வித்தாளும் கையேடுகளும் போய்ச் சேர ஏற்பாடு செய்து, மற்ற பிரிவோடு ஒப்பிட்டார்கள். 2012இல் முடிவு வெளியானது. கையேடு பெற்றவர்களில் அதிகம் பேருக்குப் பிரச்சாரத்தின் பெயர் தெரிந்திருந்தது. எண்ணத்திலும் நடத்தையிலும் சொல்லும்படியான மாற்றம் இல்லை. அந்தக் கட்டத்துப் பிரச்சாரம் சர்க்கரையோடு நின்றதல்ல, உடற்பயிற்சியும் காய்கறியும் அதில் அடக்கம். ஆனாலும் இந்த முடிவு எனக்கு ஆச்சரியம் தரவில்லை. இனிப்பு விஷயத்தில் அம்மா அப்பாவின் எதிராளி யார் என்று பார்த்தாலே புரியும்.

முதல் எதிராளி பிள்ளையின் நாக்கு. பிறந்து இன்னும் பால்கூடக் குடிக்காத சிசுக்களின் நாவில் இனிப்பு, புளிப்பு, கசப்பு நீர்களைத் தொட்டு வைத்து, முகம் என்ன செய்கிறது என்று 1970களில் யாக்கோப் ஸ்டெய்னர் என்ற இஸ்ரேலிய ஆய்வாளர் பதிவு செய்தார். கசப்புக்கு முகம் கோணியது. இனிப்புக்கு முகம் தளர்ந்து உதடு சப்புக்கொட்டியது. யாரும் கற்றுக்கொடுத்ததல்ல இது. தாய்ப்பாலில் ஏறத்தாழ 7 சதவீதம் லாக்டோஸ் இருக்கிறது. அதை விரும்பிய சிசு பிழைத்தது. வளரும் வயதுப் பிள்ளைகளுக்குப் பிடித்த இனிப்பின் அளவு பெரியவர்களுக்குப் பிடித்ததைவிடக் கூடுதலாகவே இருக்கும், பருவ வயதைத் தாண்டும்போதுதான் குறையும். மிட்டாய் கேட்டு அழும் பிள்ளையை 'கெட்ட பழக்கம்' என்று திட்டுவதில் அர்த்தமே இல்லை.

இரண்டாவது எதிராளி திரவம். தின்ற சர்க்கரைக்கு வயிறு ஓரளவு கணக்கு வைத்துக்கொள்கிறது, குடித்ததற்கு அவ்வளவாக வைப்பதில்லை. இதை நெதர்லாந்தில் நடந்த ஒரு சோதனை அழகாகக் காட்டியது. 4 வயது 10 மாதம் முதல் சுமார் 12 வயது வரையுள்ள 641 பள்ளிப் பிள்ளைகளுக்கு 18 மாதங்களுக்கு நாள்தோறும் 250 மில்லி பானம் தரப்பட்டது. பாதிப் பேருக்குச் சர்க்கரை போட்டது, 104 கலோரி. மீதிப் பேருக்குச் செயற்கை இனிப்பு, கலோரி ஏதுமில்லை. யாருக்கு எது என்று பிள்ளைகளுக்கும் தெரியாது, கொடுத்தவர்களுக்கும் தெரியாது. வளரும் பிள்ளைகளாதலால் இரு தரப்பிலும் எடை கூடியது. சர்க்கரைத் தரப்பில் 7.37 கிலோ, மற்றதில் 6.35 கிலோ. சர்க்கரை குடித்தவர்கள் மற்ற உணவைக் குறைத்து அதை ஈடுசெய்திருந்தால் இந்த ஒரு கிலோ வித்தியாசம் வந்திருக்காது. 2012இல் வெளியான இந்த ஆய்வு, 'உடம்பு பருப்பதற்குக் குளிர்பானத்தைக் குறை சொல்லலாமா' என்று கேட்பவர்களுக்கு வலுவான பதில்.

பல்லின் கதை வேறு. வாயிலுள்ள பாக்டீரியாக்கள் சர்க்கரையைத் தின்று அமிலத்தை வெளிவிடுகின்றன. பல்லின் மேல் அமிலநிலை பிஎச் 5.5க்குக் கீழே போனால் எனாமலின் தாது கரையத் தொடங்குகிறது. பிறகு உமிழ்நீர் மெல்ல மெல்ல அதைச் சமன்செய்து இழந்ததை ஓரளவு திருப்பித் தருகிறது. ஆகவே பல்லைப் பொறுத்தவரை எவ்வளவு தின்றோம் என்பதோடு எத்தனை முறை தின்றோம் என்பதும் முக்கியம். அரை மணிக்கு ஒருமுறை ஒரு மிடறு ஜூஸ் குடிக்கும் பிள்ளையின் உமிழ்நீருக்கு ஓய்வே கிடையாது.

இதை உலகம் அறிந்துகொண்ட விதம் வெட்கக்கேடானது. சுவீடனின் லுண்ட் நகரில் விப்பேஹோல்ம் என்ற விடுதியில் அறிவுசார் குறைபாடுள்ளவர்கள் தங்கவைக்கப்பட்டிருந்தார்கள். 1940களின் பிற்பகுதியில் அவர்களில் சிலருக்கு, பல்லில் ஒட்டிக்கொள்ளும்படியே பிரத்யேகமாகச் செய்த டாஃபிகளை உணவு வேளைகளுக்கு இடையே கொடுத்து, பல் எப்படிச் சொத்தையாகிறது என்று பார்த்தார்கள். இனிப்பு நிறுவனங்களும் இதற்குப் பணம் கொடுத்தன. சாப்பாட்டோடு சேர்த்துத் தின்ற சர்க்கரை அதிகம் கெடுக்கவில்லை, இடைவேளைகளில் தின்ற ஒட்டும் இனிப்பு பற்களைப் பாழாக்கியது என்று 1954இல் அறிக்கை வந்தது. சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாதவர்களின் பல்லை வைத்துப் பெற்ற அறிவு அது. அதிலிருந்துதான் சுவீடனில் 'சனிக்கிழமை மிட்டாய்' வழக்கம் பிறந்தது: வாரம் முழுக்க இனிப்பைத் தொடாதே, சனிக்கிழமை வேண்டிய மட்டும் தின்றுகொள்.

குடும்பங்களுக்கான பிரச்சாரங்களில் இவ்வளவு ஆழமாக வேரூன்றியது வேறொன்று எனக்குத் தெரியாது. எழுபது ஆண்டுகள் கழித்தும் சனிக்கிழமைகளில் சுவீடன் பிள்ளைகள் காகிதப் பையோடு மிட்டாய்க் கடையில் நிற்கிறார்கள். பெற்றோருக்குத் தினமும் 'வேண்டாம்' என்று சொல்ல வேண்டிய அவசியமில்லை, காலண்டரே சொல்லிவிடுகிறது. ஆனால் அது பல்லுக்காகப் போட்ட விதி. தலைக்கு இவ்வளவு என்று பார்த்தால் உலகில் அதிகம் மிட்டாய் தின்பவர்களின் வரிசையில் சுவீடன் நாட்டவர் இன்றும் முன்னணியில்தான் இருக்கிறார்கள். அளவைக் குறைப்பது அந்த விதியின் வேலையாக இருந்ததே இல்லை.

அளவு நிஜமாகவே குறைந்தால் என்ன ஆகும்? அதற்கும் பிரிட்டனிலேயே ஒரு சாட்சியம் உண்டு, யாரும் திட்டமிடாமல் நடந்த ஒன்று. இரண்டாம் உலகப்போரில் தொடங்கிய சர்க்கரை ரேஷன் அங்கே போர் முடிந்து எட்டு ஆண்டுகள் கழித்து, 1953 செப்டம்பரில்தான் நீங்கியது. (மிட்டாய்க்கு 1949 ஏப்ரலிலேயே ஒருமுறை விலக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கூட்டம் அள்ளிக்கொண்டு போனதில் ஆகஸ்டில் மீண்டும் ரேஷன்.) கட்டுப்பாடு போனதும் ஒருவர் ஒரு நாளில் சாப்பிட்ட சர்க்கரை சுமார் 40 கிராமிலிருந்து 80 கிராமை நோக்கி ஏறியது. அந்தத் தேதிக்குச் சற்று முன்னும் பின்னும் பிறந்தவர்களைப் பல பத்தாண்டுகள் கழித்து ஒப்பிட்டு 2024இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு ஆய்வு வந்தது. கருவிலும் அதன்பின் முதல் ஆண்டுகளிலும் ரேஷன் காலத்தில் இருந்தவர்களுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் அபாயம் சுமார் 35 சதவீதம் குறைவு, உயர் ரத்த அழுத்தம் சுமார் 20 சதவீதம் குறைவு. நோய் வந்தவர்களுக்கும் முறையே நான்கு ஆண்டு, இரண்டு ஆண்டு தாமதமாகவே வந்தது. ரேஷன் காலத்துத் தாய்மார்கள் யாரும் மனவுறுதியோடு இனிப்பைத் தவிர்த்தவர்கள் அல்லர். கடையில் இல்லை, அவ்வளவுதான்.

இதைச் சொல்வது ரேஷன் திரும்ப வர வேண்டும் என்பதற்காக அல்ல. வீட்டுக்குள் வந்துவிட்ட சர்க்கரையை எண்ணிக் குறைப்பதைவிட, வீட்டுக்கு வரும் பொருளிலேயே குறைத்துவிடுவது எவ்வளவு சுலபம் என்பதற்காக. செயலி வந்து மூன்று மாதம்கூட ஆகாத 2016 மார்ச் 16 அன்று, நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் பட்ஜெட்டில் அப்படி ஒரு வழியைத்தான் அறிவித்தார். 100 மில்லியில் 5 கிராமுக்குக் கீழே சர்க்கரை சேர்த்த பானத்துக்கு வரி இல்லை. வரி தொடங்கியபோது 5 முதல் 8 கிராம் வரை லிட்டருக்கு 18 பென்ஸ். 8 கிராமும் அதற்கு மேலும் என்றால் 24 பென்ஸ். அமலுக்கு வந்தது 2018 ஏப்ரலில்.

இந்த வரியின் சாமர்த்தியம் அந்தப் படிகளிலும் இரண்டாண்டு அவகாசத்திலும் இருக்கிறது. குடிப்பவரின் பையைக் குறிவைக்கவில்லை, பானம் கலக்குபவரின் கணக்கைக் குறிவைத்தது. 5.2 கிராம் போட்டிருப்பவர் 4.9 ஆக்கினால் வரியே இல்லை என்னும்போது எந்த நிறுவனம் சும்மா இருக்கும்? லுகோசேட் பானம் 13 கிராமிலிருந்து 4.5க்கு இறங்கியது. ஸ்காட்லாந்தின் செல்லப் பானமான அயர்ன்-ப்ரூ 10.3இலிருந்து 4.7க்கு வந்தபோது ரசிகர்கள் பழைய பாட்டில்களைப் பெட்டி பெட்டியாகப் பதுக்கினார்கள். கோகோ கோலா தன் 10.6 கிராமை விட்டுக்கொடுக்காமல் வரியைக் கட்டியது. முதல் ஆண்டில் 52 கோடி பவுண்டு வரும் என்று எதிர்பார்த்த அரசு, வரி தொடங்கும் வேளையில் அதைச் சுமார் 24 கோடியாகக் குறைத்துக்கொண்டது. வசூல் குறைந்ததற்கு அரசே மகிழும் வரி அபூர்வம். 2015க்கும் 2020க்கும் இடையில் வரி வரம்புக்குள் வரும் பானங்களின் சராசரிச் சர்க்கரை 46 சதவீதம் குறைந்தது.

இதே ஆண்டுகளில் பிஸ்கட், கேக், சாக்லேட், ஐஸ்கிரீம் வகைகளிலும் 20 சதவீதம் குறையுங்கள் என்று அதே அரசு நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. வரி கிடையாது, நல்லெண்ணம்தான். கிடைத்தது 3.5 சதவீதம். ஒரே நாடு, ஒரே காலம். 46ஐயும் 3.5ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு 'தொழில்துறை தானாகவே பொறுப்போடு நடந்துகொள்ளும்' என்ற வாதத்தை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

பலன் உடம்பில் தெரிந்ததா என்று கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் பார்த்தார்கள். 10-11 வயதுச் சிறுமிகளிடம் உடல் பருமன், வரி வராதிருந்தால் இருந்திருக்கக்கூடிய அளவைவிட 8 சதவீதம் குறைந்திருந்தது. வறுமையான பகுதிகளில் கூடுதல் பலன். சிறுவர்களிடம் மாற்றம் காணவில்லை. ஏனென்று திருப்தியான விளக்கமும் இல்லை. பல்லில் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. இங்கிலாந்தில் 5-9 வயதுப் பிள்ளைகள் மருத்துவமனையில் சேர்க்கப்படும் காரணங்களில் பல ஆண்டுகளாக முதலிடம் சொத்தைப் பல்லுக்குத்தான். மயக்க மருந்து கொடுத்துப் பிடுங்குவார்கள். வரிக்குப் பிறகு 18 வயது வரையானவர்களிடம் இத்தகைய சேர்க்கைகள் 12 சதவீதம் குறைந்தன, நான்கு வயது வரையுள்ள குழந்தைகளிடம் அதைவிடக் கூடுதலாகவே குறைந்தன.

அப்படியானால் கட்டிக் கணக்கும் களிமண் பொம்மைகளும் வீண்செலவா? இல்லை என்றே நினைக்கிறேன், ஆனால் அவற்றின் பயனை வேறிடத்தில் தேட வேண்டும். மெக்சிகோவில் 600 மில்லி பாட்டிலையும் 12 கரண்டிச் சர்க்கரையையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி, 'இவ்வளவு சர்க்கரையைத் தின்பீர்களா?' என்று மெட்ரோ நிலையங்களில் தன்னார்வ அமைப்புகள் சுவரொட்டி ஒட்டின. அடுத்து 2014 ஜனவரியில் லிட்டருக்கு ஒரு பெசோ வரி வந்தது. இங்கிலாந்திலும் 2015இல் சமையல் கலைஞர் ஜேமி ஆலிவர் தொலைக்காட்சியில் பிள்ளைகளின் சொத்தைப் பல்லைக் காட்டி, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்து திரட்டினார். அரசின் செயலி வந்தது. அதன் பின்னாலேயே பட்ஜெட். தன் பிள்ளை 5,500 கட்டி தின்கிறது என்று கேட்ட பெற்றோர் அலமாரியை மாற்றாமல் இருந்திருக்கலாம். ஆனால் வரி வந்தபோது அரசைத் திட்டுவதற்கு அவர்கள் தெருவில் இறங்கவில்லை.

நம் பக்கத்தில் இலங்கை இதில் முந்திக்கொண்டது. 2016இலேயே குளிர்பான பாட்டில்களில் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம் அங்கே கட்டாயமானது: 100 மில்லியில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2க்குக் கீழே பச்சை. 2017 நவம்பரில், அதாவது பிரிட்டனின் வரி அமலாவதற்கு முன்பே, பானத்திலுள்ள ஒவ்வொரு கிராம் சீனிக்கும் 50 சதம் என்று வரி போட்டார்கள். பிறகு அந்த விகிதம் குறைக்கப்பட்டது வேறு கதை. இந்தியாவில் 2025 மே மாதம் சிபிஎஸ்இ தன் பள்ளிகளில் 'சர்க்கரைப் பலகை' வைக்கச் சொன்னது. எந்தப் பானத்தில் எவ்வளவு சர்க்கரை என்று பிள்ளைகள் கண்ணில் படும்படி எழுதிப் போட வேண்டும். நல்ல காரியம். அதே ஆண்டு செப்டம்பரில் கார்பன் ஏற்றிய குளிர்பானங்களுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதமானது. விகிதம் பிரிட்டனே மிரளும் அளவு பெரிது. ஆனால் 11 கிராம் சர்க்கரை போட்ட கோலாவுக்கும் 40, சர்க்கரையே இல்லாத கோலாவுக்கும் 40. கலக்குபவர் ஒரு கிராமைக் குறைப்பதற்கு இந்த வரியில் காரணம் எதுவும் இல்லை.

பிரிட்டனின் வழியிலும் ஓட்டை இருக்கிறது. குறைந்த சர்க்கரையின் இடத்தில் பெரும்பாலும் செயற்கை இனிப்பு ஏறியது. எடையைக் கட்டுப்படுத்த அவற்றை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லிவிட்டது. நாக்கு எப்போதும் போல அதே தித்திப்பையே கேட்டுக்கொண்டிருக்கும் என்பது இன்னொரு குறை. அமெரிக்காவின் மொனெல் ஆய்வு மையத்தில் மூன்று மாதம் சர்க்கரையைக் குறைத்துச் சாப்பிட்டவர்களுக்கு முன்பு சாதாரணமாகத் தோன்றிய புட்டிங் அதிகத் தித்திப்பாகத் தோன்றியது. நாக்கு பழகக்கூடியதுதான். ஆனால் சர்க்கரை போன இடத்தில் சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பு வந்து உட்கார்ந்தால் பழகுவதற்கு வாய்ப்பே இல்லை. தித்திப்பையே படிப்படியாகக் குறைக்கச் சொல்லும் சட்டம் எந்த நாட்டிலும் எனக்குத் தென்படவில்லை.

நிறுவனங்கள் எங்கே போய் நின்றன என்பதும் கவனிக்கத்தக்கது. லுகோசேட் 4.5. பெப்சி 2023இல் மனம் மாறி 10.9இலிருந்து 4.55. ஐந்துக்குக் கீழே வரி இல்லை என்றதும் நாலரையில் ஒரு கூட்டமே குடியேறிவிட்டது. அதற்குக் கீழே இறங்க யாருக்கும் அவசரமில்லை. 2025 நவம்பரில் பிரிட்டன் அரசு வரி வரம்பை 4.5 கிராமுக்கு இறக்குவதாகவும், அதுவரை விலக்குப் பெற்றிருந்த பால் பானங்களையும் உள்ளே கொண்டுவருவதாகவும் அறிவித்தது. நடைமுறைக்கு வருவது 2028 ஜனவரியில். பாட்டில்களில் அடுத்த எண் 4.4 ஆக இருக்கும் என்பது என் ஊகம்.